குருத்தோலை ஞாயிறன்று மட்டும் பழம் போகவில்லை

மார்ச் 9, 2024, சனி

நூல் கட்டி வைத்திருந்த இருபது பழத்தில் பதினொன்று காணவில்லை.

நேற்றுச் சாயங்காலம் நானே கட்டியது. சிவப்பு நூல், காம்புக்கு ஒரு விரல் மேலே. காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தால் நூல் இருக்கிறது, பழம் இல்லை. மரத்தடியில் தோல் இல்லை, கொட்டை இல்லை, கடித்த துண்டு இல்லை. வேலிக் கம்பி ஓரிடத்தில்கூடத் தளரவில்லை. நாய் குரைக்கவில்லை என்கிறான் காவலுக்கு இருக்கும் சாமுவேல்.

கிணத்துக்கடவில் பங்காரம்மாவின் தோப்பு இது. நூற்றுப்பத்து மரம், நாட்டுச் சப்போட்டா, எலுமிச்சைக்குக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். தை மாதம் ஒரு வருஷக் குத்தகைக்கு எடுத்தேன். காய்த் திருட்டு எனக்குப் புதிதல்ல. திருடன் சாக்கோடு வருவான், கைக்கு எட்டியதையெல்லாம் உருவுவான், கிளையை ஒடிப்பான், பீடித் துண்டைப் போட்டுவிட்டுப் போவான். இவன் அப்படி இல்லை. கல்லாட்டம் இருக்கும் காயைத் தொடவே இல்லை. மரத்திலேயே பழுத்ததை மட்டும் எடுக்கிறான். அதிலும் பெரியதை விட்டுவிட்டுச் சின்னதாகப் பார்த்து.

இருட்டில் எது பழம் எது காய் என்று தடவிப் பார்த்தே சொல்கிற கை யாருக்கு இருக்கிறது?

எனக்கு இருக்கிறது. இன்னொருத்தனுக்கு இருக்கிறது.

மார்ச் 11, திங்கள்

மறுபடி இருபது கட்டினதில் இன்றைக்கு ஒன்பது.

சாமுவேலே பேச்சை எடுத்தான். “அக்கா, வவ்வாலா இருக்குமோ?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வவ்வாலுன்னா பாதி தின்னு கீழ போட்டிருக்குமல்லோ? மரத்தடி கூட்டி வெச்ச வாசலாட்ட இருக்குது. தின்னுபோட்டு வவ்வாலே கூட்டியுட்டுப் போகுதா?”

“அதுவுஞ் செரிதானுங்க்கா,” என்று அவனும் சிரித்தான்.

கொய்யாவிலும் மாவிலும் வௌவால் வந்து போன தோப்பை எத்தனை பார்த்திருக்கிறேன். கடித்த பழம் கீழே கிடக்கும், மேலே பாதி தொங்கும். காலையில் மரத்தடியைப் பார்த்தால் ராத்திரி யார் வந்தார்கள் என்று தெரிந்துவிடும். முப்பது வருஷமாக அப்படித்தான் தோப்பைப் படிக்கிறேன். இந்தத் தோப்பு ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறது.

மார்ச் 17, ஞாயிறு

போத்தனூர் போயிருந்தேன். ஜங்ஷனுக்குப் போகிற வழியில் சாமுவேல் பெண்டாட்டி எஸ்தரின் தள்ளுவண்டி நிற்கும். வண்டியில் சப்போட்டா. சின்னது, நன்றாகப் பழுத்தது.

“உதிரிங்க்கா,” என்றாள் நான் கேட்பதற்கு முன்பே.

உதிர்ந்த பழம் காவல்காரனுக்கு. இது நான் வகுத்ததல்ல, எல்லாத் தோப்பிலும் உள்ள வழக்கம். விழுந்த பழத்தில் ஒரு பக்கம் அமுங்கின தடம் இருக்கும். பறித்ததில் இருக்காது. ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

எடுக்கவில்லை. ஏன்? வெட்கமா? பயமா? எஸ்தர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பழம் பையில் போட்டுக் கொடுத்தாள், “இனியாவுக்குக் குடுங்க.” வீட்டுக்கு வந்து நான் எடுத்துப் பார்ப்பதற்குள் மகள் இனியா இரண்டையும் தின்றுவிட்டாள். தோலைக்கூட விடவில்லை.

சாமுவேல் என்னோடு பதினெட்டு வருஷம். உக்கடம் பஸ் ஸ்டாண்டில் நான் கூடையில் கொய்யா விற்ற காலத்தில் சுமை இறக்கியவன். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த அன்றைக்கு, அறுத்த காய் வெயிலில் வாடும் என்று அவனாகவே வண்டி பிடித்து விற்றுவிட்டு வந்து என் கையில் கொடுத்தவன். அவன் எடுப்பானா?

எடுக்கமாட்டான். அப்படியானால் யார்?

மார்ச் 23, சனி

குருத்தோலை ஞாயிறுக்கு வேதக்கோயில் போகணும், நாளைக்கு ராத்திரி வீட்டிலேயே தங்கிவிட்டுத் திங்கள் மத்தியானம் வாரேன் என்றான் சாமுவேல். போய் வா என்றேன். எனக்கும் ஒன்று பார்க்க வேண்டியிருந்தது.

மார்ச் 25, திங்கள்

இருபதும் இருக்கிறது.

ஒன்றுகூடப் போகவில்லை. நேற்றுச் சாயங்காலம் நானும் இனியாவும் தோப்பில் காவல்காரன் படுக்கிற சாளையிலேயே தங்கினோம். பெரிய காவல் ஒன்றும் இல்லை, பேசிக்கொண்டிருந்துவிட்டுக் கயிற்றுக் கட்டிலில் படுத்தோம். இருபதும் அப்படியே.

அவன் இல்லாத ராத்திரி.

மார்ச் 26, செவ்வாய்

நேற்று மத்தியானம் திரும்பி வந்தான். இன்று காலை இரண்டு மட்டும் போயிருக்கிறது. பதினொன்று போன இடத்தில் இரண்டு. என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு கையைச் சுருக்கிவிட்டானா?

மனது ஒரு நிலையில் இல்லை. 

மார்ச் 27, புதன்

சொல்லிவிட்டேன்.

காலையில் மண்டி. ஈச்சனாரியில் தேர்தல் சோதனை என்று வண்டியை நிறுத்திக் கூடையெல்லாம் கிளறிப் பார்த்தார்கள், நேரமாகிவிட்டது. அந்த எரிச்சல் வேறு. சஹீர் கடையில் இறக்கினோம். சஹீர் எனக்குக் கமிஷன் மண்டிக்காரர், என்னைவிடச் சின்னவர், பதினைந்து வருஷப் பழக்கம். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார்: “என்னக்கா, மரத்துல பழுத்த பழம் கொறைஞ்சுபோச்சு? ஜூஸ் கடைக்காரங்க வந்து வந்து கேட்டுட்டுப் போறாங்க.”

“இவனைக் கேளுங்க,” என்றேன். “இருட்டுல தடவிப் பாத்துப் பழம் பறிக்கற கை எங்கிட்ட ஒன்னுதான் இருக்குது.”

சுற்றி ஆறு பேர் இருந்தார்கள். சுமைக்காரர்கள், இரண்டு சில்லறை வியாபாரிகள். சாமுவேல் தோளில் இருந்த பெட்டியை இறக்கினான்.

“என்னங்க்கா சொன்னீங்க?”

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். தமாஷ் என்று சொல்லியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. “நீ ஊட்டுல இருந்த அன்னிக்கு ஒன்னும் போவுல. நீ வந்தாப் போவுது. எஸ்தர் வண்டில பழம் இருக்குது. நான் என்னன்னு நெனைக்கட்டும், நீயே சொல்லு.”

அவன் இடுப்பிலிருந்து சாளைச் சாவியையும் டார்ச்சையும் எடுத்து எடை மெஷின் மேல் வைத்தான். மெஷின் ஒரு எடையைக் காட்டியது. எல்லாரும் அந்த இலக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். அப்புறம் சஹீர் இரண்டையும் எடுத்து என்னிடம் கொடுத்தார்.

சாமுவேல் ரோட்டைத் தாண்டிப் போய்விட்டான்.

நான் சொன்னது சரியா? கணக்குப்படி சரிதான். 

மார்ச் 29, வெள்ளி

பெரிய வெள்ளி. இரண்டு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஏப்ரல் 3, புதன்

பன்னிரண்டு.

அவன் போய் ஒரு வாரம் ஆகிறது. இப்போதும் போகிறது. முன்னைவிட அதிகமாகப் போகிறது. வஞ்சம் வைத்து வருகிறானா? போத்தனூரிலிருந்து கிணத்துக்கடவுக்கு, ஒரு பையளவு சப்போட்டாவுக்காக? பஸ் சார்ஜுக்கு ஆகுமா? நான் என்ன யோசிக்கிறேன் என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் யோசிக்கிறேன்.

வேலியோரம் முழுக்க மண்ணைக் கிளறித் தண்ணீர் தெளித்துச் சமப்படுத்தி வைத்தேன். கோழி நடந்தாலும் தடம் தெரியும்.

ஏப்ரல் 4, வியாழன்

தடம் என்னுடையது, நாயுடையது. பதினொன்று போயிருக்கிறது.

ஏப்ரல் 7, ஞாயிறு

நேற்றுப் பொழுது சாய்ந்ததிலிருந்து எட்டரை வரைக்கும் நடுத்தோப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். டார்ச்சை வேலி மேலேயே சுற்றிச் சுற்றி அடித்தேன். ஒரு ஆளும் வரவில்லை. காலையில் பதினான்கு இல்லை. நான் உட்கார்ந்திருந்த மரத்திலேயே மூன்று.

என் தலைக்கு மேலே! இது எப்படி?

இனியா லீவுக்கு வந்திருக்கிறாள். பம்ப் கம்பெனியில் அவளுக்கு ஞாயிறு மட்டும்தான். “பேயாம்மா?” என்றாள் கிண்டலாக. பிறகு கிண்டல் இல்லாமல் கேட்டாள்: “சாமுவேல் மாமா மேல சொன்னதைத் திருப்பி எடுப்பியா, மாட்டியா?”

“யாருன்னு தெரிஞ்சா எடுக்கலாம்.”

“தெரியாமத்தானே சொன்னே? தெரியாமயே எடு.”

 வியாபாரத்தில் என்னை யாரும் இப்படி மடக்கியதில்லை.

ஏப்ரல் 10, புதன்

சஹீர் தயங்கித் தயங்கிச் சொன்னார். சூலூர்ப் பக்கம் ஒரு பெரிய தென்னந்தோப்புக்காரர் சாமுவேலைக் காவலுக்கு வரச் சொல்லியிருந்தாராம். முந்தாநாள் வேண்டாம் என்றுவிட்டாராம். “மண்டில பேச்சு வந்துருச்சுல்லக்கா. காவல்காரனுக்கு அது ஒன்னு போதுமில்ல?”

சாமுவேல் இப்போது எஸ்தரோடு வண்டி தள்ளுகிறானாம்.

என் அம்மா இதே பங்காரம்மாவின் பண்ணையில் களை எடுத்தவள். வரப்பில் ஒரு தேங்காய் குறைந்தாலும் முதலில் எங்கள் வளவுத் தெருவுக்குத்தான் ஆள் வரும். ‘திருடன்’ என்கிற அந்தச் சொல் எப்படி விழும், விழுந்தால் எத்தனை நாள் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்த நானேதான் சாமுவேலைப் பார்த்துச் சொன்னேன். அவனும் எங்கள் சனம்தான். அவர்கள் வேதத்துக்குப் போனார்கள், நாங்கள் போகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவன் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டதா? இல்லை. அதுவும் தெரியவில்லை. குருத்தோலை ஞாயிறன்று ஏன் போகவில்லை? அந்த ஒன்று மட்டும் முள்ளாக நிற்கிறது.

ஏப்ரல் 13, சனி

தோப்புக்கு அடுத்தாற்போல ஒரு கல்யாண மண்டபம். அங்கே வாட்ச்மேன் நஞ்சுண்டன். சண்டை போடவே என்னைக் கூப்பிட்டார்.

“ஏனுங்கம்மணி, உங்க தோட்டத்து ஆளுக எங்க போர்ட்டிகோவுல உக்காந்து சப்போட்டா தின்னுபோட்டுக் கொட்டையத் துப்பிட்டுப் போறாங்க. தெனமும் கூட்டறது நானு. அடுத்த வாரம் முகூர்த்தம். பொண்ணு வந்து எறங்கற எடங்க அது!”

“எங்க தோட்டத்துல ஆளே இல்லீங்களே. நான் ஒருத்திதான்.”

“அப்ப நீங்கதான் தின்னிருக்கோணும்.”

போய்ப் பார்த்தேன். கார் வந்து நிற்கிற முகப்பு. தரையில் கருப்பு மணியாகச் சப்போட்டாக் கொட்டை, ஐம்பது அறுபது இருக்கும். கூடவே சப்பித் துப்பிய சக்கை, உருண்டை உருண்டையாக, கரும்புச் சக்கையைச் சின்னதாகச் செய்தது போல. வெள்ளைச் சுவரில் காவி நிறத்தில் வழிந்த கறை. என் பழம்தான், சந்தேகமே இல்லை. இந்த வட்டாரத்தில் இந்தச் சின்னச் சப்போட்டா வேறு யாரிடமும் இல்லை.

மேலே பார்த்தேன். கூரையில் பிளாஸ்டர் பூ வேலைப்பாடு. ஒன்றும் இல்லை. ஒரு பல்லிகூட இல்லை.

கொட்டை இருக்கிறது, தின்ற வாயைக் காணோம். பழம் இருந்த இடத்தில் கொட்டை இல்லை, கொட்டை இருக்கிற இடத்தில் மரம் இல்லை. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப் பிறப்பு. பாயசத்தை வைத்துவிட்டுச் சாயங்காலம் ஆறே முக்காலுக்கு மண்டபத்துக்குப் போனேன். நஞ்சுண்டன் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். முகப்பு விளக்கைப் போட வேண்டாம் என்றேன்.

ஏழு மணி ஐந்து நிமிஷம். என் காதோரம் ஒரு காற்று. பிளாஸ்டர்ப் பூவில் ஒரு கருப்பு முடிச்சு தொங்கியது. நஞ்சுண்டன் செல்போன் வெளிச்சத்தைக் கையால் மறைத்து லேசாகக் காட்டினார். உள்ளங்கையில் அடங்குகிற வௌவால். பழுப்பு நிறம், நாய்க்குட்டி முகம், பெரிய கண், மூக்கு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. வாயில் என் சப்போட்டா. அதன் உடம்பளவுக்கு இருக்கிறது பழம்! இறக்கைக் கட்டைவிரலால் பழத்தைத் திருப்பித் திருப்பித் தின்கிறது. சாற்றை விழுங்கிவிட்டுச் சக்கையைத் துப்புகிறது. டப் என்று கொட்டை விழுந்தது. உடனே பறந்து போயிற்று. பத்து நிமிஷத்தில் அடுத்த பழத்தோடு வந்தது. அதற்குள் இன்னும் நான்கு.

மரத்தில் உட்கார்ந்து தின்பதே இல்லை. பழத்தைப் பறித்ததும் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிடுகிறது. சின்னப் பழம் மட்டும் ஏன் போகிறது என்பதும் தெரிந்துவிட்டது. அதற்குமேல் தூக்க முடியாது.

“இதுக்கா நான் கூட்டிட்டிருந்தேன்!” என்று நஞ்சுண்டன் தலையில் கை வைத்தார். “அம்மணி, கல்யாணத்துக்கு நாங்க கேக்கற மண்டப வாடகைய இதுககிட்ட வாங்கிக் குடுங்க.”

நான் சிரிக்கவில்லை. சாமுவேல் ‘வவ்வாலா இருக்குமோ’ என்று கேட்டானே.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை? வௌவாலுக்கும் குருத்தோலை ஞாயிறு லீவா?

ஏப்ரல் 17, புதன்

பகலில் இவை எங்கே இருக்கின்றன? அது தெரியாமல் யாரிடமும் போய்ப் பேச முடியாது. ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பங்காரம்மா: “வாய்க்கா ஓரம் மருதமரத்துல பாருங்க பூவாத்தா. சின்ன வயசுல இருந்தே அங்கதான் தொங்கும்.” போனேன். முந்நூறு நானூறு தொங்குகின்றன, பட்டப் பகலில், எல்லாரும் பார்க்க, ஒன்றையொன்று திட்டிக்கொண்டு. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு குடை அளவு. பொழுது சாய்ந்ததும் கூட்டமாக மேற்கே மலைப்பக்கம் போய்விட்டன. என் தோப்பு கிழக்கே இருக்கிறது. இவை அல்ல.

நஞ்சுண்டன்: பாழடைந்த பஞ்சுக் குடோன். அங்கும் போனேன். ஓட்டு இடுக்கில் கட்டைவிரல் அளவுக்குக் குட்டிக் குட்டியாக. கொசு, பூச்சி தின்கிற சாதி என்று இனியா போனில் பார்த்துச் சொன்னாள். இவையும் அல்ல.

இத்தனை வருஷம் வௌவால் என்றால் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பழத்தில் நாற்பது ரகம் பிரிக்கத் தெரிந்தவள்.

ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டுப் போட்டேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் கேட்டார், “சாமுவேல் எடுத்தானாமே, நெசமுங்களா?” இல்லை என்றேன். “அப்ப யாரு?” வௌவால் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

ஏப்ரல் 20, சனி

கண்டுபிடித்துவிட்டேன். சூரியன் வருவதற்கு அரைமணி முன்னால் தோப்பின் தென்கிழக்கு மூலையில் நின்றேன். ஒன்று, இரண்டு என்று தனித்தனியாக வந்து எல்லைப் பனைமரத்துக்குள் புகுந்தன. குத்தகையில் சேராத மரம் என்று நான் ஏறெடுத்தும் பார்க்காத பனை. காய்ந்த மட்டைகளை யாரும் கழிக்காமல் கழுத்தைச் சுற்றிப் பாவாடை மாதிரித் தொங்குகின்றன. விடிந்தபின் அடியில் போய் நின்று நேர் மேலே பார்த்தேன். மட்டைக்குள் நெருக்கிக்கொண்டு ஒன்பது. இறக்கையைப் போர்த்திக்கொண்டு தூக்கம். ஒன்றின் வயிற்றில் குட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறது. சத்தமே இல்லை. மருதமரத்துக் கூட்டம் மாதிரிக் கத்தினால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

பக்கத்துப் பனையில் பதினான்கு. அதற்கடுத்ததில் ஆறு.

பங்காரம்மா கேட்டதும், “மட்டைல தீ வெச்சுட்டாப் போவுது, அரைமணி வேலை,” என்றார். வேண்டாம் என்றேன். பாவம் பார்த்தா? அதையும் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. சாமுவேலுக்கு இருக்கிற சாட்சி இவை மட்டும்தான். சாட்சியை எரித்துவிட்டு மண்டியில் போய் யாரைக் காட்டுவேன்?

ஏப்ரல் 23, செவ்வாய்

அவமானம்.

சஹீரைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வந்தேன். “வவ்வால் மேல பழியப் போடறீங்களாக்கா?” என்று வண்டியிலேயே கேலி. ஆறரைக்கே முகப்பில் உட்கார்ந்தோம். ஏழு. ஏழே கால். ஏழரை. ஒன்றும் வரவில்லை. நஞ்சுண்டன் கோயில் மேல் சத்தியம் செய்கிறார், “தெனமும் வருமுங்க, நான் தெனமும் கூட்டறேனுங்க.” எட்டு மணிக்குச் சஹீர் எழுந்தார். “அக்கா, நீங்க சாமுவேல் அண்ணனைச் சேத்துக்கணும்னா நேரா சேத்துக்கங்க. இந்தக் கதையெல்லாம் எதுக்கு?”

அவரை ரோடு வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். நடக்கும்போது என் நிழல் முன்னால் விழுந்தது. கருகருவென்று, வரப்புப் புல் ஒவ்வொன்றும் தெரிகிற மாதிரி. இந்த நேரத்துக்கு ஏது இத்தனை வெளிச்சம் என்று திரும்பிப் பார்த்தேன். கிழக்கே தென்னை உயரத்துக்கு நிலா. சித்ரா பௌர்ணமி.

அங்கேயே நின்றுவிட்டேன்.

ஏப்ரல் 24, புதன்

இந்த நோட்டையே திருப்பிப் பார்த்தேன். மார்ச் 9, பதினொன்று. மறுநாள் அமாவாசை. ஏப்ரல் 7, பதினான்கு. மறுநாள் அமாவாசை. மார்ச் 25, ஒன்றும் போகவில்லை. காலண்டரை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பௌர்ணமி பிறந்துவிட்டது. மறுநாள் பங்குனி உத்திரம். அன்றைக்கு இரண்டு.

இன்று காலை நூலைப் பார்த்தேன். ஒன்று மட்டும் போயிருக்கிறது.

நிலா வெளிச்சத்தில் அவை வெளியே வரத் தயங்குகின்றன. ஆந்தைக்குப் பயமோ என்னவோ. பனைக்குள்ளேயே இருந்துவிடுகின்றன, இல்லை என்றால் இருட்டான பக்கம் எங்கேயோ போகின்றன. சாமுவேல் வேதக்கோயிலுக்குப் போன அன்று நிலா இருந்தது. அவ்வளவுதான் நடந்தது. நிலாவை அன்றைக்கு ஏறிட்டுப் பார்த்திருந்தாலும், வெளிச்சத்துக்கு அஞ்சுகிறவன் திருடன் என்றுதான் கணக்குப் போட்டிருப்பேன். இனியாவோடு கட்டிலில் படுத்து அந்த வெளிச்சத்தில்தானே பேசிக்கொண்டிருந்தேன்.

எல்லாம் எழுதித்தான் வைத்திருக்கிறேன். எழுதியும் தெரியவில்லை. இதற்கு எனக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை.

மே 2, வியாழன்

சஹீர் மறுபடி வந்தார். இந்தத் தடவை கேலி பேசவில்லை. நிலா நடுராத்திரிக்கு மேல்தான். ஏழு மணி பத்து நிமிஷத்துக்கு முதலாவது வந்தது, எட்டு மணிக்குள் பதினேழு பழம். அவர் சட்டைமேலேயே ஒரு கொட்டை விழுந்தது. எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நான் பாத்துட்டேன்க்கா. சொல்ல வேண்டியது என்கிட்டயா?”

மே 5, ஞாயிறு

போத்தனூர். ஜெபம் முடிந்து வந்திருந்தார்கள். எஸ்தர் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போனாள். குடிக்கத் தண்ணீர் கொண்டுவரவில்லை.

சாமுவேல் பழைய காகிதத்தைக் கத்தரித்துப் பை ஒட்டிக்கொண்டிருந்தான். எல்லாம் சொன்னேன். பனை, மண்டபம், நிலா. கேட்டுக்கொண்டே ஒட்டினான்.

“ஏனுங்க,” என்றான். பதினெட்டு வருஷமாக அக்கா என்று கூப்பிட்ட வாய். “வவ்வால் எங்க இருக்குது, எத்தன மணிக்கு வருதுன்னு ஒரு மாசமாத் தேடியிருக்கீங்க. நான் இங்கயேதானுங்க இருந்தேன். பத்தே ரூபா பஸ்சு.”

“தப்புதான் சாமுவேல். எடுத்தது நீ இல்லை.”

“அது எனக்குத் தெரியுமுங்க.”

உள்ளேயிருந்து எஸ்தர்: “ஊட்டுக்குள்ள வந்து சொன்னா ஊட்டுக்குள்ளயேதான் கெடக்கும். சொன்னது எங்கயாம்?”

எங்கே சொன்னேனோ அங்கே சொல்கிறேன் என்றேன். நீயும் வா, உன் முன்னால் சொல்கிறேன்.

“நான் வரமாட்டேனுங்க. நான் நின்னா, எனக்காகச் சொன்னீங்கன்னு ஆயிரும்.” பசைக் கிண்ணத்தை மூடினான். “சொல்லிட்டு வாங்க. அப்பறம் தொழில் பேசலாம்.”

மே 8, புதன்

காலை அதே நேரம், அதே இடம். அன்றைக்கு இருந்த ஆறு பேரில் நான்கு பேர் இருந்தார்கள். மற்ற இரண்டு பேருக்கும் போன் போட்டு வரவழைத்தேன். அதில் ஒருத்தர் பாதி இறக்கிய லோடை விட்டுவிட்டு வந்ததாகச் சலித்துக்கொண்டார். சூலூர்த் தோப்புக்காரரையும் சஹீர் லைனில் வைத்திருந்தார், ஸ்பீக்கரில்.

சொன்னேன். சாமுவேல் எடுக்கவில்லை, நான் சொன்னது பொய், தெரியாமல் சொன்னேன்.  ஒரு சுமைக்காரர், “பூவாத்தாக்கா தப்புன்னு சொல்லி இன்னிக்குத்தாங்க கேக்கறேன்,” என்றார். சிரிப்பு எழுந்து அடங்கியது. எனக்கு முகம் எரிந்தது. எரியட்டும்.

அங்கிருந்து நேரே போத்தனூர் போனேன். அவன் யோசித்து வைத்திருந்தான். நான் பேரம் பேசவில்லை. பேசியிருக்கலாமோ என்று பஸ்ஸில் வரும்போது ஒரு நிமிஷம் தோன்றியது, அதுவும் உண்மை.

பேசி முடித்தது: காவல் வேலைக்கு அவன் வரமாட்டான், கூட்டாளியாக வருவான். மீதி எட்டு மாசத்துக்கும், அடுத்த வருஷத்துக்கும் லாபத்தில் சரிபாதி, நட்டத்திலும் சரிபாதி. பங்காரம்மாவிடம் குத்தகைப் பத்திரத்தை மாற்றி எழுத வேண்டும், அவன் பெயர் முதலில், என் பெயர் அடுத்து. பழுத்ததைத் தினமும் ஐந்து மணிக்குள் அவன் பறித்துவிடுவான். தப்பினது பனைமரத்துக்காரர்களுக்கு, மட்டையில் யாரும் தீ வைக்கக் கூடாது. இருட்டில் தடவிப் பழம் பறிக்கிற கை எனக்கும் இருக்கிறதாம், அதனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நான் தோப்புக்குள் கால் வைக்கக் கூடாது.